தச்சு வேலையிலிருந்து உலகக் கோப்பைக்கு: குளோசே பற்றி வாசகர் கேள்விகள்

போன மாத இதழில் ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசேயைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். உலகக் கோப்பைகளில் மொத்தம் 16 கோல் அடித்த ஃபார்வர்டு, இருபது வயதை எட்டும்போதும் ஏழாவது டிவிஷன் கிளப்பில்தான் ஆடிக்கொண்டிருந்தார் என்று. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடிதம் வந்துவிட்டது. இந்தக் கரையோரப் பள்ளிகளில் பி.டி. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு ஆட்டக்காரரைப் பற்றி நம் பிள்ளைகள் இவ்வளவு கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் இந்த மாதம் முழுக்கக் குளோசேதான்.

*சார், பிளஸ் டூ முடித்துவிட்டேன். மாவட்ட அணித் தேர்வுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வாப்பா துபாய்க்கு வந்துவிடு என்கிறார். குளோசே அந்த வயதில் சின்ன கிளப்பில் இருந்தார் என்பது நிஜமா, சும்மா சொல்கிற கதையா?*
பெரியபட்டினம் வாசகர்

நிஜம்தான் தம்பி. 1978 ஜூன் 9 அன்று போலந்தின் ஓப்போலே நகரில் பிறந்தவர். அப்பா கால்பந்து ஆட்டக்காரர், பிரான்சின் ஒசேர் கிளப்புக்கு ஆடியவர். அம்மா போலந்து தேசிய ஹேண்ட்பால் அணியில் இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையைக்கூடப் பெரிய கிளப் எதுவும் சின்ன வயதில் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஜெர்மனியின் தென்மேற்கில் கூசல் என்ற சிறிய ஊர்ப் பக்கம், ப்ளாவ்பாக்-டீடல்கோப்ஃப் என்ற கிராமத்து கிளப்பில் ஆடினார். கூடவே தச்சு வேலை படித்தார். வீடுகளுக்குக் கூரைச் சட்டம் ஏற்றுகிற கடினமான வேலை. அந்தத் தொழிற்பயிற்சியைப் பாதியில் விடவில்லை, முடித்தார்.

1998ல் ஹோம்பூர்க் கிளப்புக்குப் போனார். அடுத்த வருடம் கைசர்ஸ்லாட்டர்ன். அங்கேயும் முதலில் கிடைத்தது இரண்டாம் அணிதான். 2000 ஏப்ரலில் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம். 2001 மார்ச் 24 அன்று அல்பேனியாவுக்கு எதிராக ஜெர்மனி அணிக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, 88வது நிமிடத்தில் வெற்றி கோல் போட்டார். ஏழாவது டிவிஷனை விட்டு மூன்றே வருடம்.

இதைப் படித்துவிட்டு நீயும் மூன்று வருடத்தில் இந்தியாவுக்கு ஆடிவிடுவாய் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே ஊருக்கு ஊர் கிளப் இருக்கிறது. எவ்வளவு கீழே இருந்தாலும் அந்த கிளப் ஏதாவது ஒரு லீக்கில் இருக்கும், வாராவாரம் ஆட்டம் இருக்கும். ஜெயித்தால் அணியே மேலே ஏறும். நன்றாக ஆடுகிறவனை மேல் லீக் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். குளோசேக்குத் திறமை இருந்தது, அது ஏறிப் போக ஏணியும் இருந்தது. நம் கரையில் திறமைக்குக் குறைவில்லை. ஏணியில்தான் பாதிப் படிகளைக் காணோம். பள்ளி முடிந்தவுடன் பிள்ளைகளுக்கு ஒழுங்கான ஆட்டமே இல்லாமல் போகிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு ஊர் டோர்னமென்ட், அவ்வளவுதான். இதை நான் பணியில் இருந்தபோதும் கத்திச் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

இருக்கிற படிகளைச் சொல்கிறேன். கல்லூரியில் சேர். நம் மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்லூரி அணியில் நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணித் தேர்வு வரும். அதில் தேறினால் வெளி மாநிலம் போய் ஆடலாம். சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் கிளப்புகள் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. வாப்பாவிடம் மூன்று வருடம் கேள். கையில் பட்டமோ தொழிலோ இருக்கும் என்று உறுதி கொடுத்துக் கேள், மறுக்க மாட்டார். அதற்கப்புறம் துபாய் போனாலும் கெட்டுப் போகவில்லை.

*குளோசேக்குத் தூண்டில் போடுவதில் பைத்தியமாமே?*
பாம்பன் வாசகர்

ஆமாம், ஓய்வு கிடைத்தால் மீன் பிடிக்கப் போகிறவர்தான். அவருடையது ஏரி, ஆறுகளில் பொழுதுபோக்குத் தூண்டில். உங்களுடையது பிழைப்பு. இரண்டையும் ஒன்றாகப் பேச எனக்கு மனமில்லை அண்ணே.

*2002ல் நான் சவூதியின் தம்மாமில் வேலை பார்த்தேன். ஜெர்மனி சவூதியை 8–0 என்று அடித்த அன்றைக்கு எங்கள் ரூமில் யாரும் சாப்பிடவில்லை. அந்தப் பையன் தலையாலேயே மூன்று கோல் போட்டான். அது எப்படி முடிகிறது?*
கீழக்கரை வாசகர்

ஜூன் 1, ஜப்பானின் சப்போரோ மைதானம். நம் ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. 20வது நிமிடம், 25வது நிமிடம், அப்புறம் 70வது நிமிடம். மூன்றும் தலையால். அது அவருடைய முதல் உலகக் கோப்பையில் முதல் ஆட்டம் காக்கா. அடுத்து அயர்லாந்துக்கு எதிராக ஒன்று, கேமரூனுக்கு எதிராக ஒன்று. அந்தப் போட்டியில் அடித்த ஐந்தும் தலைக்கோல். அவர் உயரமோ சுமார் ஆறடி. ஐரோப்பியத் தடுப்பாட்டக்காரர்கள் நடுவே அது பெரிய உயரமே கிடையாது.

எப்படி முடிகிறது என்றால், பந்து வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. பழைய ஆட்டங்களைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். மைதானத்து ஓரத்தில், அதாவது விங்கில் இருப்பவன் கோலுக்கு முன்னால் பந்தைக் கிராஸ் போடத் தலையைக் குனியும்போது, குளோசே தடுப்பவனுடைய முதுகுப் பக்கம் நிற்பார். அவனுக்குப் பந்து தெரியும், குளோசே தெரிய மாட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் அவன் கழுத்தைத் திருப்புகிற அந்த ஒரு நொடியில் இவர் அவனுக்கு முன்னால் வெட்டிப் போயிருப்பார். நின்ற இடத்தில் குதிக்க மாட்டார், ஓடி வந்து ஒற்றைக் காலில் எழும்புவார். மற்றவனுக்கு அரை நொடி முன்னால் எழும்பி மேலே காத்திருப்பார். நெற்றி மேட்டில் வாங்கிக் கீழே பார்த்து அடிப்பார். தரையில் குத்தி எழும் பந்தைப் பிடிப்பது கோல்கீப்பருக்கு ரொம்பக் கஷ்டம்.

இதை நம் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது? பூவரச மரக் கிளையில் ஒரு பழைய பந்தை வலைக்குள் போட்டு, நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். பையன் எட்டிக் குதித்தால் நெற்றி தொடுகிற உயரம் போதும். ஓடி வந்து, ஒற்றைக் காலில் எழும்பி, கண்ணை மூடாமல் அடிக்க வேண்டும். கண்ணை மூடுவதுதான் எல்லாப் பையன்களுக்கும் இருக்கிற வியாதி. அது போகச் சில வாரம் பிடிக்கும். கயிற்றுப் பந்தில் இன்னொரு வசதி, சீமைக் கருவேல முள் குத்திப் பந்து வீணாகாது.

நம் கரையில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உயரத் தூக்கிப் போடுகிற கிராஸ் எங்கே இறங்கும் என்று போட்டவனுக்கே தெரியாது. அந்த மாதங்களில் கிராஸை நெஞ்சு உயரத்துக்கு மேல் போகவிடாமல், முதல் கம்பத்தைப் பார்த்து வேகமாக அடிக்கச் சொல்லுங்கள். குளோசே மாதிரி முன்னால் வெட்டி ஓடுகிறவனுக்கு அதுவும் நல்ல பந்துதான். அங்கே தலை வேண்டாம், கால் நீட்டினாலே போதும். அவருடைய 16 உலகக் கோப்பை கோல்களில் தலையால் போனது 7தான். மீதி எல்லாம் கால். பதினாறும் பெனால்டி பாக்ஸுக்குள் நின்று அடித்தவை, அதில் ஒன்றுகூடப் பெனால்டி கிடையாது. அதை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன்.

*கெர்ட் முல்லர் பெரியவரா, குளோசே பெரியவரா?*
தொண்டி வாசகர்

கோல் அடிப்பதில் முல்லர்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஜெர்மனிக்காக 62 ஆட்டத்தில் 68 கோல். 1970, 1974 இரண்டே உலகக் கோப்பையில் 14 கோல். 1974 இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிரான வெற்றி கோலும் அவருடையது. குளோசே அந்த 68ஐத் தாண்டியது 2014 ஜூன் 6 அன்று, அர்மீனியாவுக்கு எதிராக. அது அவருடைய 132வது ஆட்டம். கடைசியில் 137 ஆட்டம், 71 கோல் என்று முடித்தார்.

ஆனால் ஒரு கணக்கு குளோசே பக்கம் நிற்கிறது. அவர் கோல் போட்ட எந்த ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை. இன்னொன்று, நான்கு உலகக் கோப்பை ஆடினார், நான்கிலும் பதக்கம். 2002ல் வெள்ளி, 2006லும் 2010லும் வெண்கலம், 2014ல் தங்கம். முல்லரின் இடுப்பு வளைவும் சின்ன இடத்தில் திரும்புகிற வேகமும் பிறவியில் வந்தவை, யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. குளோசே செய்ததில் பெரும்பகுதியைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆசிரியன் என்பதால் எனக்கு அவர் மேல் பாசம் கூடுதல்.

*கிளப் ஆட்டத்தில் அவர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை என்று என் நண்பன் வாதிடுகிறான்.*
ராமநாதபுரம் வாசகர்

புண்டஸ்லிகாவில் 307 ஆட்டம், 121 கோல். வெர்டர் ப்ரேமனில் இருந்தபோது 2005–06 பருவத்தில் 25 கோலுடன் லீக்கின் முதலிடம். அதே வருடம் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையிலும் 5 கோலுடன், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி. இது சின்ன விஷயமா?

பயர்ன் மியூனிக்கில் 2007 முதல் 2011 வரை இருந்தார். லீக்கும் ஜெர்மன் கோப்பையும் இரண்டிரண்டு முறை வென்றாலும், பிற்பாதியில் பெஞ்சில்தான் அதிகம் உட்கார்ந்தார். 2009–10 லீக்கில் மூன்றே கோல். நண்பர் சொல்வது இந்தக் காலத்துக்குப் பொருந்தும். ஆனால் அந்தப் பருவம் முடிந்த கையோடு தென்னாப்பிரிக்கா போய் உலகக் கோப்பையில் நாலு கோல் போட்டார். அப்புறம் 33 வயதில் இத்தாலியின் லாசியோவுக்குப் போய் ஐந்து பருவம் ஆடினார். 2013 மே 5 அன்று போலோன்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல். அப்போது அவருக்கு 35 முடிய ஒரு மாதம்தான் பாக்கி.

*ஊர் டோர்னமென்ட் ஒன்றில் பந்து என் கையில் பட்டு கோலுக்குள் போனது. ரெஃப்ரி பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை, ஜெயித்தோம். அண்ணன் இன்னும் திட்டுகிறார். கூட ஆடியவர்கள் செய்தது சரி என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்.*
பெயர் வெளியிட விரும்பாதவர், தேவிபட்டினம்

அண்ணன் பக்கம்தான் நான்.

2012 செப்டம்பரில் நாப்போலிக்கும் லாசியோவுக்கும் ஆட்டம். தொடக்கத்திலேயே ஒரு கார்னரில் பந்து குளோசேயின் கையில் பட்டு உள்ளே போனது. ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார். நாப்போலி ஆட்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். குளோசே நேராக ரெஃப்ரியிடம் போய், கையில் பட்டது என்றார். கோல் ரத்து. கடைசியில் லாசியோ 3–0 என்று தோற்றது. அதற்கும் முன்னால், 2005ல் ப்ரேமனுக்காக பீலஃபெல்டுக்கு எதிராக ஆடியபோது, அவரைக் கோல்கீப்பர் தள்ளிவிட்டதாக நினைத்து ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார். அப்படி நடக்கவில்லை என்று இவரே சொன்னதால் அதுவும் ரத்தானது. ஒரு முறை செய்தால் அன்றைய மனநிலை என்று விடலாம். ஏழு வருட இடைவெளியில் இரண்டு நாட்டில் இரண்டு முறை செய்தவர் அப்படித்தான் வாழ்கிறவர்.

நம் டோர்னமென்ட்டுகளில் இது இன்னும் முக்கியம். ஒரே ரெஃப்ரி, கோடு பார்க்க யாராவது இரண்டு பையன்கள், கோல் கம்பத்தை ஒட்டியே கூட்டம். நான் விசில் பிடித்தவன், எனக்குத் தெரியும். மணல் தரையில் இருபது பேர் ஓடும்போது யார் கையில் என்ன பட்டது என்று எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ரெஃப்ரி பார்க்காத ஒன்று கோலாகிவிட்டால், தோற்றவர்கள் அவரை வாங்கிவிட்டார்கள் என்று பேசுவார்கள். இரண்டு ஊருக்கு நடுவே வருடக்கணக்கில் பேச்சு வார்த்தை இல்லாமல் போனதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அடித்தவனே கையைத் தூக்கிவிட்டால் அந்த இடத்திலேயே எல்லாம் அடங்கிவிடும்.

விதியையும் தெரிந்துகொள். 2019லிருந்து, தெரியாமல் பட்டிருந்தாலும் சரி, கோல் அடித்தவர் கையில் பட்டு நேராக உள்ளே போனால் கோல் கிடையாது. ஆகவே ‘வேண்டுமென்றா செய்தேன்’ என்று நண்பர்கள் சொல்வது செல்லாது. அந்த அணியின் கேப்டனை உனக்குத் தெரிந்திருக்கும். போய்ச் சொல்லிவிடு. கோப்பையைத் திருப்பிக் கேட்க மாட்டார், ஆனால் கேட்டால் கொடுத்துவிடு.

*சார், கோல் போட்டதும் குளோசே அடிக்கிற அந்தக் குட்டிக்கரணத்தை எப்படிப் பழகுவது?*
ஏழாம் வகுப்பு மாணவன், தங்கச்சிமடம்

பழக வேண்டாம் கண்ணு. 2014ல் கானாவுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு 36 வயதில் குட்டிக்கரணம் அடித்தபோது அவரே நேராக நிற்க முடியாமல் பின்னால் சாய்ந்தார். நீ கடலுக்குள் குதிக்கும்போது அடித்துக்கொள், தரையில் வேண்டாம்.

*எட்டு வயதில் மொழி தெரியாமல் வேறு நாட்டுக்குப் போனவர் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பிள்ளைகள் முகாமிலேயே பிறந்து, இங்கேயே பந்து ஆடி வளர்கிறார்கள். அவர்களுக்கும் அப்படி ஒரு வழி உண்டா?*
மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து ஒரு வாசகி

அம்மா, உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். ஆமாம், ஜெர்மன் மொழி தெரியாமல்தான் எட்டு வயதில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மைதானத்தில்தான் முதலில் நண்பர்கள் கிடைத்தார்கள். ஆனால் ஒரு வேற்றுமையை நான் மறைக்கக் கூடாது. அவர் குடும்பம் ஜெர்மன் வம்சாவளி. அப்படிப்பட்டவர்கள் போலந்திலிருந்து வந்தால் குடியுரிமை கொடுக்க ஜெர்மனியில் சட்டம் இருந்தது. அதனால்தான் பின்னால் போலந்து அணிக்கு அழைப்பு வந்தபோது, எந்த நாட்டுக்கு ஆடுவது என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில் அவர் இருந்தார். ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தார். பிறந்த மண்ணை உதறிவிடவும் இல்லை. அணியில் அவரைப் போலவே போலந்தில் பிறந்த லூகாஸ் பொடோல்ஸ்கியும் இவரும் மைதானத்தில் போலிஷ் மொழியில் பேசிக்கொள்வார்கள். 2008 யூரோ கோப்பையில் போலந்துக்கு எதிராகக் குளோசே தள்ளிக் கொடுத்த பந்தில் பொடோல்ஸ்கி கோல் போட்டார், ஆனால் கொண்டாடவில்லை.

நம் முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமைதான் முதல் கதவு. அது கிடைக்காமல் இந்திய அணிச் சட்டை கிடையாது. இங்கேயே பிறந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, நம்மோடு ஆடுகிற பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை ஊர் அணிகளின் கதவையாவது நாம் திறந்து வைக்கலாம். இதைப் படிக்கிற மண்டபம், உச்சிப்புளி கிளப் பொறுப்பாளர்களே, முகாம் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள், உங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*பிரேசிலை 7–1 அடித்த ஆட்டத்தில்தானே சாதனை? அப்படியிருக்க இறுதி ஆட்டத்தில் அவரை ஏன் வெளியே எடுத்தார்கள்?*
கல்லூரி மாணவி, கீழக்கரை

கானாவுக்கு எதிரான கோலோடு பிரேசிலின் ரொனால்டோ வைத்திருந்த 15 உலகக் கோப்பை கோல் சாதனையைத் தொட்டார். பிரேசில் ஆட்டம் 2014 ஜூலை 8. நமக்கு மறுநாள் அதிகாலை ஒன்றரை மணி. நோன்பு மாதம், உங்கள் ஊரில் சஹருக்கு எழுந்தவர்கள் பாதிப் பேர், தூங்காமலே இருந்தவர்கள் பாதிப் பேர். 23வது நிமிடத்தில் முதல் அடியைக் கோல்கீப்பர் தடுத்தார். திரும்பி வந்த பந்தைக் குளோசே உள்ளே தட்டினார். அது பதினாறாவது. அடுத்த ஆறு நிமிடத்துக்குள் ஜெர்மனி இன்னும் மூன்று கோல் போட்டுவிட்டதால், அந்தச் சாதனையைப் பேசக்கூட யாருக்கும் நேரமில்லை.

இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 88வது நிமிடம் வரை ஓடினார். கோல் விழவில்லை, கூடுதல் நேரம் வரப்போகிறது, வயது 36. புதுக் கால் தேவைப்பட்டது, அதனால் மாற்றினார்கள். அவர் இடத்தில் இறங்கிய மரியோ கோட்ஸேதான் 113வது நிமிடத்தில் கோப்பையை வென்ற கோலைப் போட்டார். சரியான மாற்றம்மா அது. அடுத்த மாதமே குளோசே தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்புறம் பயிற்சியாளர் வேலைக்கு வந்து, முதலில் தேசிய அணியின் பயிற்சியாளர் குழுவில் இருந்தார், 2018ல் பயர்னின் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியாளரானார்.

*என் மகனுக்கு ஒன்பது வயது. தலையால் முட்டிப் பழகுகிறான். பயமாக இருக்கிறது.*
ஒரு தாய், ஏர்வாடி

பயம் நியாயம்தான். அமெரிக்காவில் 2015லேயே பத்து வயது வரை தலையால் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது கிடையாது. மேலே நான் சொன்ன கயிற்றுப் பந்துப் பயிற்சியும் பதின்மூன்று, பதினாலு வயதுக்கு மேல்தான், அதுவும் கொஞ்ச நேரம். மகனைத் திட்டாதீர்கள். இப்போது வேண்டாம், வளர்ந்ததும் நானே சொல்லித்தருகிறேன் என்று சொன்னதாகச் சொல்லுங்கள். பந்து தலையில் பலமாகப் பட்டு, வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் ஆட்டத்தை அப்போதே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இந்த வயதில் அவன் பழக வேண்டியது வலது காலாலும் இடது காலாலும் பந்தை நிறுத்துவது. வீட்டுச் சுவரில் அடித்து, திரும்பி வருவதை ஒவ்வொரு காலாக மாற்றி நிறுத்தச் சொல்லுங்கள்.